குழந்தைக்கு நாலரை, தாய்க்கு ஒன்றரை: கடலூர் மாவட்டத்தில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவு

கடலூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. முப்பத்திரண்டாவது வாரத்தில், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுடன் பிறந்த என் பேத்தி, சென்ற மழைக்காலத்தில் அங்கே சேர்க்கப்பட்டு, தேறி, வீடு வந்து சேர்ந்தாள். பொது சுகாதாரத் துறையில் கிராம சுகாதார செவிலியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், சுவரில் ஒட்டியிருந்த நெறிமுறைகளையும் கட்டிலருகே நடந்தவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு முடிந்தது. குழந்தைக்குச் செய்யப்பட்ட மருத்துவத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருவேன். குழந்தையின் தாய்க்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகளுக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ‘பரவாயில்லை’ என்று ஒரு விடை வரும். அந்த விடை இரண்டு உண்மைகளையும் மறைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறை என்று நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அங்கே பணிபுரிபவர்களின் குறை அன்று. ஆயினும் பெயரைச் சொன்னால் மாட்டிக்கொள்வது அவர்களாகத்தான் இருக்கும்.

முதலில் நாலரைக்குக் காரணம். மகளுக்கு வலி கண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தவுடன், பிரசவம் எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பணியிலிருந்த மருத்துவர் டெக்ஸாமெத்தசோன் ஊசியைத் தொடங்கிவிட்டார். ஆறு மில்லிகிராம் வீதம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக, நான்கு ஊசிகள். குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்வதற்காகப் போடப்படுவது இது; விலை சில ரூபாய்தான். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளிலும் இந்த ஊசி பச்சிளங்குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்று உறுதி செய்தது. என் மகளுக்கு மூன்று ஊசிகள் முடிந்த நிலையில் குழந்தை பிறந்துவிட்டது. நான்காவது ஊசிக்கு நேரமில்லாமல் போனது யாருடைய தவறும் அன்று. ஆனால் நள்ளிரவில் மருந்தறை பூட்டியிருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடங்களை நான் அறிவேன். அங்கே அப்படி நடக்கவில்லை என்பதை முதல் நற்சான்றாகப் பதிவு செய்கிறேன்.

பிரசவ அறையில் குழந்தைக்கென்று தனி மூலை இருந்தது. வெப்பமூட்டும் மேசை ஏற்கெனவே சூடேறியிருந்தது, துண்டுகள் அதன்மேல் வைக்கப்பட்டிருந்தன, காற்றூட்டும் பையும் சிறிய அளவு முகமூடியும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சூட்டத் தொடங்கிவிட வேண்டும் என்பது 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா பயிற்சியில் எங்களுக்கெல்லாம் மண்டையில் ஏற்றப்பட்ட பாடம். பேத்திக்கு அந்தப் பை தேவைப்படவில்லை. துடைத்து முதுகைத் தடவியதும் மெல்லிய குரலில் அழுதாள். என்றாலும் செவிலியர் அந்தப் பையை ஒருமுறை உள்ளங்கையில் அழுத்திச் சரிபார்த்துவிட்டுத்தான் பிரசவத்துக்கே தயாரானார் என்று மகள் பின்னர் சொன்னாள். வலியின் நடுவிலும் அவள் கண்ணில் பட்டது அதுதான்.

சிகிச்சைப் பிரிவின் வாசலில் கைகழுவும் தொட்டி. முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய், மேலே ஆறு நிலைகளைக் காட்டும் படம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எதனுடனும் உள்ளே போக முடியாது. ஒரு நாள் வேறொரு பிரிவிலிருந்து ஆலோசனைக்கு வந்த மூத்த மருத்துவர் கடிகாரத்துடன் நேராக நடந்தபோது, வயதில் சிறிய செவிலியர் ஒருவர், “சார், வாட்சைக் கழற்றிட்டுக் கை கழுவிட்டு வாங்க” என்றார். அவரும் மறுபேச்சின்றித் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், குறைமாதக் குழந்தைகளைக் கொல்லும் காரணங்களில் கிருமித்தொற்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறியாதவர்கள். குறைப்பிரசவத்தின் சிக்கல்கள், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகிய மூன்றும்தான் உலகெங்கும் முதல் இருபத்தெட்டு நாள் இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம். மூன்றாவதைத் தடுக்க முதலில் தேவைப்படுவது ஓடும் தண்ணீரும், சொல்லத் துணியும் ஒரு செவிலியரும்.

பேத்திக்கு முதல் சில நாள்கள் மூச்சுக்குத் துணை தேவைப்பட்டது. சீபேப் என்கிறார்கள். இரண்டு மூக்குத் துளைகளிலும் சின்னஞ்சிறு குழாய்கள். அவற்றின் வழியே காற்றும் ஆக்சிஜனும் கலந்து போகும். வெளியேறும் குழாயின் முனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருந்தால் ஐந்து சென்டிமீட்டர் அழுத்தம், அவ்வளவுதான் கணக்கு. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் அந்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரில் குமிழி விடும் சத்தம் இடைவிடாமல் கேட்டால் எல்லாம் சரி; நின்றால் எங்கோ காற்று கசிகிறது. செவிலியர்கள் அந்தச் சத்தத்தைப் பேசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள், நின்ற மறுநொடி திரும்பிப் பார்த்தார்கள். செயற்கை மூச்சுக் கருவியின் விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகாத இடங்களில் இந்த எளிய அமைப்பு எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. மலாவியில் இதன் மலிவான வடிவம் ஒன்று அரசு மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. மூச்சை மறந்துவிடாமலிருக்கக் கஃபீன் மருந்தும் தரப்பட்டது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் இடையில் நிறுத்தி வைத்தார்கள். நூறு காட்டினால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு அது ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பால் ஊட்டியது பாலாடை என்னும் மூக்குவைத்த சிறு கிண்ணத்தில்தான். முதலில் மூக்குவழிக் குழாய், பிறகு பாலாடை, பிறகு மார்பு. நம் வீடுகளில் பரணில் கிடக்கும் அதே பாலாடையை அரசு நெறிமுறைகளே பரிந்துரைக்கின்றன. புட்டியைவிடக் கழுவ எளிது, கொதிக்க வைக்க எளிது, குழந்தை தன் வேகத்துக்கு நக்கிக் குடிக்கலாம். செவிலியர் மகளின் கையைப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டின் ஓரத்தில் எப்படிச் சாய்த்து வைப்பது, வாய்க்குள் ஊற்றிவிடாமல் குழந்தை நாக்கை நீட்டும்வரை எப்படிக் காத்திருப்பது என்று பொறுமையாகக் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் அதே வேளை தவறாமல். புட்டியும் பால் பவுடரும் அந்தப் பிரிவுக்குள் நுழையவே முடியாது.

மஞ்சள்காமாலைக்கு நீலவிளக்கில் வைத்தார்கள். சம்பந்தியம்மாள், “காலை வெயில்ல காட்டினா போதுமே, எதுக்கு இந்த லைட்டு” என்று கேட்டார். ஒன்றரைக் கிலோ குழந்தையைக் கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் துணியில்லாமல் வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்குமுன் உடல் குளிர்ந்துபோகும் என்று மருத்துவர் நிதானமாக விளக்கினார். முகம் சுளிக்கவில்லை. அரசு மருத்துவமனையில் எல்லாரும் எரிந்து விழுவார்கள் என்ற பேச்சு இந்தப் பிரிவின் மருத்துவர்களுக்குப் பொருந்தாது.

இனி ஒன்றரை மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். மதிப்புரை எழுதவே துணிந்தது இதற்காகத்தான்.

பேத்தியின் மூச்சு நிலைபெற்றதும் கங்காரு முறைப் பராமரிப்பைத் தொடங்கச் சொன்னார்கள். குழந்தைக்குக் குல்லா, காலுறை, அரையில் ஒரு துணி மட்டும். தாயின் மார்பில், தோலோடு தோலாக, நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே துணியால் கட்டிவிடுவது. 1970-களின் இறுதியில், கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளை வைத்து, தொற்றால் இழந்துகொண்டிருந்த நிலையில், எட்கர் ரேய், ஹெக்டர் மார்டினஸ் என்ற மருத்துவர்கள் தொடங்கிவைத்த முறை இது. இல்லாமையில் பிறந்ததால் இதை ஏழைகளின் மாற்று வழி என்று பலர் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தகர்த்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு அது. குழந்தையின் நிலை தேறும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே தாயின் மார்பில் வைத்த பிரிவில் முதல் இருபத்தெட்டு நாள்களில் இறந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். தேறியபின் தொடங்கிய பிரிவில் 15.7 பேர். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் அதையே செய்யச் சொன்னார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரையாகவும் வெளியிட்டது: நாளொன்றுக்கு எட்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம், கூடுமானவரை பிறந்தது முதலே.

இந்த ஆய்வில் மருந்து புதிதன்று, கருவியும் புதிதன்று. புதிதாக வந்தது கட்டில். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, குழந்தையின் வார்மருக்கு, அதாவது வெப்பமூட்டும் மேசைக்குப் பக்கத்தில், தாய்க்கு ஒரு கட்டில் போட்டார்கள். பிரசவித்த பெண்ணுக்கு வேண்டிய மருத்துவமும் அங்கேயே நடந்தது. அதனால்தான் அந்தத் தாய்மார்களால் நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினேழு மணி நேரம் குழந்தையை மார்பில் வைத்திருக்க முடிந்தது. மற்றப் பிரிவில், சிகிச்சை அறையில் இருந்த காலத்தில், அது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை.

நாங்கள் இருந்த மருத்துவமனையில் கங்காரு அறை என்று ஒன்று இருந்தது. சுவரில் அழகான படங்கள் வரைந்திருந்தார்கள். சாய்வு நாற்காலிகள் மிகச் சில. அவற்றில் ஒன்றின் சாய்மானம் பழுதாகி ஒரே கோணத்தில் நின்றுபோயிருந்தது. மீதிப் பேருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அறுவை சிகிச்சைத் தையல் ஆறாத பெண், நிமிர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில், மார்பில் குழந்தையுடன் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? என் மகள் ஒரு மணி நேரம் கடந்ததும் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். அவளுடைய கட்டிலோ வேறொரு மாடியில், பிரசவித்த தாய்மார் வார்டில். லிஃப்ட் இயங்காத பொழுதுகளில் படியேறி இறங்கித்தான் வரவேண்டும். பெரும்பாலான தாய்மார்கள் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கங்காரு முறையைச் செய்யவில்லை. செவிலியர்கள் அதற்காக அவர்களைக் கடிந்துகொண்டார்கள். கடிந்துகொள்ளப்பட வேண்டியவர்கள் அந்தப் பெண்கள் அல்லர்.

சோற்றுக் கதை இதைவிட மோசம். 2011 ஜூன் மாதம் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, பரிசோதனை, இரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். நோயுற்ற குழந்தைக்கும் அப்படியே. தாய்க்கு உணவும் இலவசம்தான்: சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள்கள், அறுவை என்றால் ஏழு நாள்கள். குறைமாதக் குழந்தையோ வாரக்கணக்கில் உள்ளே இருக்கும். எனவே எட்டாம் நாள் காலையில் மகளைப் பிரசவ வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் செய்தார்கள். அந்த நொடியிலிருந்து அவள் நோயாளி அல்லள், ‘அட்டெண்டர்’. கட்டில் இல்லை, உணவுப் பதிவேட்டில் பெயர் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சித் தரவேண்டும் என்று எழுதிக்கொடுத்த அதே மருத்துவமனையில், அந்தப் பாலைச் சுரக்க வேண்டியவளுக்குச் சோறு கொடுக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. எங்களுக்கு வீடு கூப்பிடு தூரத்தில்; சம்பந்தியம்மாள் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டுமாகக் கொண்டுவந்து குவித்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, ஒருவேளை இட்லியும் டீயுமாக நாளை ஓட்டினாள். அவளுக்குப் பால் குறைந்துவிட்டது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வேறென்ன ஆகும்?

தாய்மார் குளிக்கும் அறை ஒன்று. கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் ஒருத்தி குளிக்க இன்னொருத்தி வெளியே நின்றாள். இரண்டு பெண்களின் பொழுது இப்படிக் கழிந்தால் அவ்வளவு நேரம் இரண்டு குழந்தைகள் மார்புச் சூட்டை இழக்கின்றன. தாழ்ப்பாளுக்கும் குழந்தையின் எடைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

தாய்ப்பால் வங்கி அந்த மருத்துவமனையில் இல்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. புதுச்சேரி ஜிப்மரில் இப்போது ஒன்று இயங்குகிறது. தானமாகப் பெற்ற பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமிநீக்கி, உறைநிலையில் சேமித்துத் தருகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் வங்கி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாலைப் பீய்ச்சுவதற்கு மறைவான ஓரிடம், பெயரும் நேரமும் எழுதிய கிண்ணத்தை வைக்கக் குளிர்பெட்டியில் ஓர் அடுக்கு, இவை போதும். அடுக்கு இருந்தது. மறைவுக்கு ஒரு பச்சைத் திரை இருந்தது, அதில் பாதி வளையங்கள் அறுந்திருந்தன.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், தமிழகம் வந்து நிற்கும் இடம் அப்படிப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு இருபது பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது தமிழகத்தில் ஒன்பது. நாடு 2030-க்குள் எட்ட நினைத்த ஒற்றை இலக்கத்தை நாம் முன்னதாகவே தொட்டுவிட்டோம். வீட்டுப் பிரசவங்களை ஒழித்தது, ரணஜன்னி ஊசி, 108 வாகனம், இத்தகைய சிறப்புப் பிரிவுகள் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் எங்கள் துறையின் பெண்கள் வெயிலில் நடந்த நடையும் சேர்ந்திருக்கிறது என்று சற்றுப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மிச்சமிருக்கும் ஒன்பதில் பெரும்பங்கு என் பேத்தியைப் போன்ற எடை குறைந்த குறைமாதக் குழந்தைகள். அவர்களுக்கு இன்னொரு வார்மர் வாங்குவதால் கிடைக்கும் பயனைவிட, தாய்க்கு ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சோறும் தருவதால் கிடைக்கும் பயன் அதிகம் என்பதே என் கருத்து. வார்மர் வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம், தாழ்ப்பாள் மாட்டினால் நடத்த முடியாது என்பது வேறு விஷயம்.

கடலூருக்கு இது இன்னும் பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின், இந்த மாவட்டம் பல நாள்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. நாங்கள் அங்கிருந்தபோதும் ஒரு மழை இரவில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுவதற்குள் செவிலியர் சற்றே தேறிய குழந்தைகளைத் தாய்மாரின் மார்பில் கொண்டுவந்து வைத்தார். அந்நேரத்தில் வராந்தாவில் இருந்த தாய்மாருக்கு மட்டுந்தான் அது வாய்த்தது. மற்ற வார்டுகளிலும் ஊர்களிலும் இருந்தவர்களின் பிள்ளைகள் துணிச்சுருளுக்குள் காத்திருந்தன. பச்சிளங்குழந்தையின் உடல்வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது.

செவிலியர் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். மூன்று நான்கு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது நெறிமுறை. பகலில் ஏறக்குறைய அப்படி இருந்தது. இரவில் ஒருவர் பார்த்த குழந்தைகள் அதைப்போல் இரு மடங்கு. அவர்களுள் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். மகளுக்குப் பாலாடை பிடிக்கக் கற்றுத்தந்தவரும் அப்படித்தான்.

கையூட்டு உண்டா என்று கேட்பீர்கள். மருத்துவர்களோ செவிலியர்களோ ஒரு பைசா கேட்கவில்லை. தள்ளுவண்டி தள்ளியவரும் வாசலில் நின்றவரும் கேட்டார்கள். “பேத்தியா, அப்ப முந்நூறு போதும்; பேரன்னா ஐந்நூறு” என்றார் ஒருவர். பெண்பிள்ளைக்குத் தள்ளுபடி கொடுத்த அந்த மனிதரிடம் நான் கொடுக்காமல் பேசியது சற்று நீண்ட பேச்சு; அதை இங்கே எழுதவில்லை.

தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்ற கேள்வி உறவினர்களிடமிருந்து வந்தது. நகரில் ஓரிடத்தில் விசாரித்தோம். இன்குபேட்டருக்கு நாள் வாடகையே ஐந்து இலக்க எண்ணில் சொன்னார்கள், தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று நாளுக்கு இரண்டு முறை பார்க்கலாம் என்றார்கள். கங்காரு முறை செய்ய விடுவீர்களா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் இங்க வேணாம்மா, நம்மகிட்ட மிஷின் இருக்கு” என்று பதில் வந்தது. அங்கே சேர்க்கவில்லை. புதுச்சேரிக்குப் போவதைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. பிறவியிலேயே குடலோ இதயமோ சரியில்லை என்று ஸ்கேனில் தெரிந்தாலோ, இருபத்தெட்டு வாரத்துக்கும் முன்னதாக வலி வந்தாலோ, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை ஜிப்மர் போன்ற பெரிய இடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. பிறந்தபின், குளிர்ந்துபோன குழந்தையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு கெடிலத்தையும் தென்பெண்ணையையும் கடந்து ஓடுவது ஒன்றரைக் கிலோ உயிருக்குத் தாங்காது. போகத்தான் வேண்டும் என்றால் 108-ஐ அழைத்து, பச்சிளங்குழந்தைக்கான வாகனம் கேளுங்கள். வரும்வரை குழந்தையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். தாயால் முடியாவிட்டால் தகப்பனும் பாட்டியும் செய்யலாம். எங்கள் மாப்பிள்ளை முதல் நாள் வெட்கப்பட்டார், மறுநாள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். ஆண்களை அனுமதிக்க அந்தப் பிரிவு தயங்கவில்லை. நாலரையில் அதற்கும் பங்கு உண்டு.

டிஸ்சார்ஜ் சரியாகவே நடந்தது. தொடர்ந்து மூன்று நாள் எடை ஏறியபின், மகள் தனியாகப் பாலூட்டிக் காட்டியபின் அனுப்பினார்கள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து, வைட்டமின் டி, எப்போது ஓடிவர வேண்டும் என்பதற்கான அறிகுறிகள் எல்லாம் தமிழில் அச்சிட்ட தாளில்: பால் குடிக்காமை, உடல் சில்லிடுதல் அல்லது சுடுதல், நெஞ்சு உள்வாங்கி மூச்சுவிடுதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள். கண் பரிசோதனை நாளை மட்டும் ஒரு மூலையில், மருத்துவர் கையெழுத்தில் ஆங்கிலச் சுருக்கமாகக் கிறுக்கியிருந்தார்கள். இது பெருங்குறை. முப்பத்துநான்கு வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர வாய்ப்புண்டு. அதிக ஆக்சிஜன் அதைத் தூண்டும். பிறந்த முப்பது நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பார்வை தப்பும், தவறவிட்டால் திரும்பாது. வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும், குழந்தை அழாது, காய்ச்சல் வராது. காட்டுமன்னார்கோயில் பெண்ணின் தாளை வாங்கி, கண் காட்ட வேண்டிய தேதியைக் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, அவள் கணவரின் கைப்பேசியிலும் நினைவூட்டல் வைத்துக் கொடுத்தேன். அதை அந்தப் பிரிவு செய்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் எங்கள் பகுதிச் செவிலியர் வந்து பார்த்தார், எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார். மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நாற்பத்திரண்டாம் நாள்வரை வீடு தேடி வந்து பார்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் கிராமப் பெண்களைப் பயிற்றுவித்து நடத்திக்காட்டி 1999-இல் வெளியிட்ட ஆய்வே வித்து. சிறப்புப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகளின் பட்டியல் தனக்குத் தாமதமாகத்தான் வருகிறது என்று எங்கள் பகுதிச் செவிலியர் குறைப்பட்டுக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அவர் வந்த அன்று தெருவில் கழுதைப்பால்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு ஆயா, “ஒரு சங்கு குடுங்கடி, சீர் தட்டாது” என்று எழுந்தே வந்துவிட்டார். செவிலியர் சிரித்துக்கொண்டே ஆயாவை உட்காரவைத்து, ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கூடாது என்பதற்கு அவர் ஏற்கும்படி ஏதேதோ காரணம் சொன்னார். அந்தச் சாமர்த்தியத்துக்குத் தனி மதிப்பெண்.

அந்த மருத்துவமனைக்குப் போகலாமா என்றால், போகலாம். என் இன்னொரு மகளுக்கும் அதையே சொல்வேன். போகும்போது முன்பக்கம் திறக்கும் சட்டைகள், நீளமான பருத்தித் துணி, குல்லா, முதுகுக்கு ஒரு தலையணை, தாய்க்கு மூன்று வேளை உணவு கொண்டுவர ஓர் ஆள் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாற்காலிகள், தாழ்ப்பாள், தாய்மாரின் உணவு ஆகிய மூன்றையும் குறித்து மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்துக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாள் மாட்டிவிட்டார்கள். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் சாய்வு நாற்காலிகள் வாங்கித் தர ஒப்புக்கொண்டிருப்பதாகச் செவிலியர் ஒருவர் சொன்னார். குழந்தை உள்ளே இருக்கும்வரை தாயின் பெயரை உணவுப் பதிவேட்டில் வைத்திருக்க விதியில் இடமுண்டா என்று மாவட்ட அலுவலகத்திடம் கேட்டிருப்பதாக எனக்குப் பதில் வந்திருக்கிறது.